வசனத்தின் இரண்டாம் பாதி: யூதக் குழந்தைகளுக்கு உடல் பாதுகாப்பைக் கற்பித்தல்

கேள்வி: யூதச் சமூகத்தில், குறிப்பாக ஆசாரத்தோடு வாழும் குடும்பங்களில், பாலியல் அத்துமீறலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லும் 'குட் டச், பேட் டச்' இவர்களுக்குப் போதாதா?

போதாது. ஆசாரமான வீட்டுக் குழந்தை இந்தப் பாடத்துக்கு வரும்முன்பே வேறு பல பாடங்களைப் படித்திருக்கும். பிறரைப் பற்றிக் குறை பேசக் கூடாது. அது லஷோன் ஹாரா. தாய் தந்தையை, ஆசிரியரை எதிர்த்துப் பேசக் கூடாது. உடலை மூடிவைக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. அது ட்ஸ்னியூத், அடக்கம். ஷப்பாத் எனும் வார ஓய்வுநாளில் போனைத் தொடக் கூடாது. பெரியவர்கள் பேசும்போது இன்னொன்றும் காதில் விழுந்திருக்கும்: நம்மவரை வெளி அதிகாரத்திடம் காட்டிக்கொடுக்கக் கூடாது. அதற்கு மெசிரா என்று பெயர். இவை எதுவும் கெட்ட நோக்கத்தில் பிறந்தவை அல்ல. யூதரை வதைத்த ஆட்சிகளின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு மெசிராத் தடை உயிர்க்காப்பாக இருந்தது. ஆனால் அத்துமீறுபவனுக்கு இவை ஒவ்வொன்றும் குழந்தையின் வாயில் போட வாகான பூட்டு. பொதுப் பாடம் நடத்துபவர் "உடனே போய்ச் சொல்லிவிடு" என்று சொன்னால் குழந்தை தலையாட்டும். ஆனால் அந்த நேரம் வரும்போது மூன்று வயதிலிருந்து ஊறிய விதிதான் முன்னால் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு பூட்டையும் அதற்குரிய சாவியால், யூத வேதமான தோராவின் சொற்களாலேயே திறக்க வேண்டும்.

முதலில் லஷோன் ஹாரா. லேவியராகமம் 19:16இன் முதல் பாதி, உன் மக்களிடையே கோள் சொல்லித் திரியாதே என்கிறது. அதே வசனத்தின் இரண்டாம் பாதி, அயலானின் இரத்தம் சிந்தும்போது பார்த்துக்கொண்டு நிற்காதே என்கிறது. குழந்தைகளுக்கு முதல் பாதிதான் பாட்டாக, படமாக, பரிசுப் போட்டியாகக் கற்பிக்கப்படுகிறது. இரண்டாம் பாதியையும் அதே வயதில், அதே மூச்சில் சொல்லிக்கொடுக்க வேண்டும். லஷோன் ஹாரா விதிகளைத் தொகுத்து 1873இல் நூலாக வெளியிட்ட ரபி (யூத மதகுரு) இஸ்ரேல் மேயர் ககன், ஆபத்தைத் தடுக்கும் பயனுக்காகச் சொல்வதற்கு அதே நூலில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். அதற்கு 'தோஎலெத்' என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கமான சொல்தான். குழந்தைக்கு இப்படிச் சொன்னால் போதும்: "உன் உடம்புக்கு யாராவது ஏதாவது செய்தால் அதை அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்வது லஷோன் ஹாரா இல்லை. அவர் ரபியாக இருந்தாலும், தாத்தாவாக இருந்தாலும் இல்லை. அது தோஎலெத்." அந்தப் பெயர்களை, ரபி, தாத்தா, அண்ணன், மாமா, ஆசிரியை என்று வாய்விட்டே சொல்ல வேண்டும். "யாராக இருந்தாலும்" என்று பொதுவாகச் சொன்னால் ரபியும் அதில் அடக்கம் என்று குழந்தைக்குத் தோன்றாது.

இரண்டாவது, கீழ்ப்படிதல். இதற்கான சாவி ஹேடரில், அதாவது சிறுவர் மதப் பள்ளியில், பையன்கள் எப்படியும் படிக்கிற ஒன்று. லேவியராகமம் 19:3 தாய் தந்தைக்கு அஞ்சி நடக்கச் சொல்கிறது. உடனே, ஓய்வுநாளைக் கைக்கொள்ளவும் சொல்கிறது. இரண்டும் ஏன் அருகருகே நிற்கின்றன என்பதற்கு இடைக்கால உரையாசிரியர் ராஷியின் விளக்கம் நேரானது: ஷப்பாத்தை மீறும்படி தந்தையே சொன்னாலும் கேட்காதே. தந்தை சொல்லுக்கே எல்லை உண்டு என்றால் ஆசிரியர் சொல்லுக்கும், முகாம் பொறுப்பாளர் சொல்லுக்கும் எல்லை உண்டு. இதை வகுப்பில் ராஷி உரையை நடத்தும் ரெபேயே, அதாவது மத ஆசிரியரே, சொன்னால் அதன் எடை வேறு. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதைவிட, அன்றாடம் பாடம் எடுப்பவர் ஐந்து நிமிடம் சொல்வது ஆழமாகப் பதியும்.

மூன்றாவதுதான் கடினமானது: அடக்கம். மூன்று வயதில் குளிப்பாட்டும்போதே பிறப்புறுப்புகளின் சரியான பெயரை, மருத்துவர் சொல்லும் பெயரை, கற்றுக்கொடுக்க வேண்டும். பல வீடுகளில், இத்திஷ் மொழி பேசும், மிக ஆசாரமான ஹசிதியப் பிரிவினர் வீடுகளில் குறிப்பாக, "அந்த இடம்" என்பதற்கு மேல் சொல்லே இருக்காது. சொல் இல்லாத குழந்தை நடந்ததைச் சொல்ல முயன்றால் "வயிறு வலிக்குது", "அவர் விளையாட்டு எனக்குப் பிடிக்கலை" என்றுதான் வரும். கேட்பவர் கடந்து போய்விடுவார். அத்துமீறுபவன்தான் அந்த இடங்களுக்கு முதல் பெயர் வைப்பான் என்றால், அந்தப் பெயரோடு ரகசியமும் சேர்ந்தே வரும்.

"ஆனால் அடக்கம் கெடுமே" என்று பெற்றோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை இகழக் கூடாது, பதில் சொல்ல வேண்டும். ஜெப ஆலயத்தில் தோராச் சுருளுக்கு உறை போட்டு, பேழைக்குள் வைத்து, முன்னால் திரை தொங்கவிடுகிறார்கள். வெட்கப்பட வேண்டிய பொருள் என்பதாலா? அருமையான பொருள் என்பதால். குழந்தைக்கு உடம்பைப் பற்றியும் இதையே சொல்லலாம்: "மூடிவைக்கிறோம், ஏனென்றால் அது மதிப்பானது. யாராவது உறையை விலக்கப் பார்த்தால் தப்பு அவருடையது, சுருளுடையது அல்ல." ஐந்து வயதுக் குழந்தைக்குக் கூட இது பிடிபடும். பிறகு அடக்கத்தை மீறியது யார் என்ற கேள்விக்குக் குழந்தை தன்னைக் காட்டாது.

இனி 'குட் டச், பேட் டச்' பற்றி. நல்ல தொடுதல் சுகமாக இருக்கும், கெட்ட தொடுதல் கசப்பாக இருக்கும் என்ற அனுமானத்தில் அந்தப் பாடம் நிற்கிறது. ஊசி வலிக்கும், அது கெட்டதல்ல. அத்துமீறல் பெரும்பாலும் கூச்சங்காட்டலாக, மடியில் உட்காரவைத்துக் கதை சொல்வதாக, பாசமாகத்தான் தொடங்கும். உடம்பு கூச்சத்தையோ சுகத்தையோ உணர்ந்துவிட்டால், "அப்போ இது குட் டச்" என்று குழந்தை முடிவு கட்டும். அல்லது "எனக்குப் பிடித்ததே, நானும் தப்பு செய்தேன்" என்று நினைத்துக்கொள்ளும். அதனால் உணர்ச்சியை அளவுகோலாக வைக்காமல் விதியை வையுங்கள். நீச்சலுடை மூடும் இடங்களை யாரும் தொடவோ, பார்க்கவோ, படமெடுக்கவோ, தங்களுடையதைத் தொடச் சொல்லவோ கூடாது. விலக்கு இரண்டே: சின்ன வயதில் சுத்தம் செய்வது, மருத்துவர் பரிசோதனை. அந்த இரண்டும் ரகசியமாக நடக்காது. பரிசோதனையின்போது பெற்றோர் ஒருவர் அறையில் இருப்பார்.

ரகசியம் பற்றி ஒரு விதி: நம் வீட்டில் ரகசியம் கிடையாது, 'சர்ப்ரைஸ்' மட்டும் உண்டு. சர்ப்ரைஸுக்கு முடிவு நாள் இருக்கும், அன்று எல்லோரும் சிரிப்பார்கள். பெசாக் (பஸ்கா) பண்டிகை இரவில் அஃபிகோமன் எனும் அப்பத்துண்டை ஒளித்துவைப்பதும், பூரிம் பண்டிகைக்கு வேஷம் தைத்து மறைத்துவைப்பதும் சர்ப்ரைஸ். "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்பது ரகசியம். அதைக் கேட்ட அன்றே சொல்லிவிட வேண்டும். பல ஜெப ஆலயங்களில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார், அன்பான வழக்கம். அதை நிறுத்த வேண்டியதில்லை. எல்லோர் கண்ணெதிரே கொடுத்தால் வாங்கிக்கொள். தனியே கூப்பிட்டாலோ, "உனக்கு மட்டும், யாரிடமும் சொல்லாதே" என்றாலோ வாங்காதே, வந்து சொல்.

"தெரியாதவர்களிடம் போகாதே" என்ற எச்சரிக்கையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். இறுக்கமாகப் பிணைந்த சமூகத்தில் தெரியாதவரே குறைவு. அந்நியர் பயத்தை மட்டும் ஊட்டினால், ஆபத்து நம்மவரைப் போலக் கறுப்புத் தொப்பி போடாதவரிடமிருந்துதான் வரும் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். பெண்கள் என்றால் பத்திரம் என்பதும் அப்படித்தான். மெல்பேர்னில் ஆசாரமான பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, குற்றச்சாட்டு எழுந்ததும் 2008இல் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, மாணவியர் இருவரிடம் செய்த குற்றங்களுக்காக 2023இல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இங்கே 'யிகுத்' என்ற விதியைச் சொல்ல வேண்டும். மணஉறவோ நெருங்கிய இரத்த உறவோ இல்லாத ஆணும் பெண்ணும் அடைத்த இடத்தில் தனித்திருக்கக் கூடாது என்பது அது. பெண் குழந்தைக்கு மூன்று வயதிலிருந்தும் ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதிலிருந்தும் பொருந்தும். தெருவைப் பார்த்து கதவு திறந்திருந்தால் யிகுத் இல்லை. அதாவது, உலகெங்கும் குழந்தைப் பாதுகாப்புக் கையேடுகள் கெஞ்சிக் கேட்கும் 'திறந்த கதவு' இந்தச் சமூகத்தில் பழைய சட்டமாகவே இருக்கிறது. ஆனால் ஓர் ஓட்டை உண்டு: நடைமுறையில் அதை ஆண்-பெண் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆணும் பையனும் தனித்திருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. 16ஆம் நூற்றாண்டின் யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூக்கிலேயே (எவென் ஹாஎஸெர் 24), ஒழுக்கங்கெட்டவர் பெருகிய இந்தத் தலைமுறைகளில் ஆண் ஆணோடு தனித்திருப்பதையும் தவிர்க்க வேண்டும் என்று ரபி யோசேப் காரோ எழுதியிருக்கிறார். இந்த வரியைக் காட்டிக் கேட்டால், வகுப்பறைக் கதவில் கண்ணாடிச் சாளரம் வைக்க எந்தப் பள்ளி நிர்வாகமும் எளிதில் மறுக்க முடியாது.

குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதோடு பெற்றோர் சரிசெய்ய வேண்டிய இடங்கள் சில. 13 வயதில் பையன் கட்டளைகளுக்குப் பொறுப்பேற்கும் சடங்கான பார் மிட்ஸ்வாவின் பயிற்சிக்கு, 12 வயதில், பையன் வாரம் ஒருமுறையாவது ஓர் ஆணோடு தனியே உட்கார்ந்து ராகத்தோடு தோரா வாசிக்கப் பழகுவான். பல மாதங்கள் ஓடும். அது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆள் நடமாட்டத்தில் நடக்கட்டும். மிக்வே எனும் சடங்குக் குளியல் குளத்துக்குச் சில சமூகங்களில் பையன்களும் போவார்கள். அங்கே ஆண்கள் ஆடையின்றி இருப்பார்கள். தந்தை கூடவே போக வேண்டும், அவர் கண்பார்வையில் பையன் இருக்க வேண்டும், தந்தை தவிர யாரும் துவட்டிவிடவோ குளத்தில் இறக்கிவிடவோ கூடாது, முடிந்ததும் நிற்காமல் உடுத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். தந்தை வர முடியாத நாளில் பையன் போகவே வேண்டாம். அவன் வயதில் அது கடமை அல்ல.

ஷப்பாத் விருந்தாளி விஷயம் அதைவிடச் சிக்கல். விருந்தோம்பல் பெரிய அறம். வாகனம் ஓட்டக் கூடாத நாள் என்பதால் வந்தவர் தங்கியே ஆக வேண்டும். வீட்டில் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், அறைகள் மூன்று. இடநெருக்கடியில் விருந்தாளியைப் பையன்கள் அறையில் படுக்கவைத்துவிடுகிறார்கள். வேண்டாம். கூடத்தில் மடக்குக் கட்டிலைப் போடுங்கள். பெசாக்குக்கு உறவினர் கூடும்போது வளர்ந்த பையன்களையும் சிறுவர்களையும் ஒரே மெத்தையில் போடாதீர்கள்; ஒரு படுக்கைக்கு ஒரு குழந்தை. பெரிய குழந்தை சிறிய குழந்தையிடம் அத்துமீறுவது பெற்றோர் நினைப்பதைவிட அதிகம், கண்ணில் படுவது குறைவு. பூரிம், சிம்ஹத் தோரா பண்டிகை நாள்களில் பெரியவர்கள் குடித்திருப்பார்கள். அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் குடிக்காத ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கோடை முகாமுக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள்: இரவில் பிள்ளைகளின் அறையில் யார் இருப்பார், குழந்தை நினைத்தபோது வீட்டுக்குப் பேச முடியுமா, பொறுப்பாளர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்தீர்களா. இஸ்ரேலில் சிறாரோடு வேலை பார்க்கும் வயதுவந்த ஆண்கள் காவல்துறைச் சான்று காட்ட வேண்டும் என்று 2001இலேயே சட்டம் வந்துவிட்டது. கேட்பது உங்கள் உரிமை; முகம் சுளித்தால் அதுவே பதில்.

ஷப்பாத் போனை மறக்காதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் ஷப்பாத் விதி விலகும். பிக்குவாஹ் நெஃபெஷ் என்பார்கள். நெஞ்சுவலிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்று குழந்தைக்குத் தெரியும், தனக்கு இது பொருந்தும் என்று தெரியாது. வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றுமுன் ஒருமுறை சொல்லிவையுங்கள்: "உன்னை யாராவது தொந்தரவு செய்தால் ஷப்பாத்திலும் போனை எடு, கதவைத் தட்டு, கத்து. பாவம் இல்லை." வீட்டில் இருப்பது மத விதிப்படி வடிகட்டப்பட்ட கோஷர் போன் என்றால், உதவி எண்கள் அதிலிருந்து போகின்றனவா என்று முன்கூட்டியே அடித்துப் பாருங்கள். இஸ்ரேலில் காவல்துறை 100, சமூக நல அமைச்சகம் 118, இணையவழித் தொல்லைக்கு 105. பிரிட்டனில் சைல்ட்லைன் 0800 1111. அமெரிக்காவில் சைல்ட்ஹெல்ப் 1-800-422-4453.

"இல்லை என்று சொல், ஓடு, சொல்லிவிடு" என்று மூன்று படிகளாகப் பயிற்றுவிக்கிறார்கள். முதல் இரண்டில் எச்சரிக்கை வேண்டும். பல குழந்தைகள் அந்த நேரத்தில் உறைந்துபோகும், குரல் எழாது. "ஓடியிருக்கணும், நான் ஓடலை" என்ற குற்றவுணர்வே அப்புறம் வாயைக் கட்டிவிடும். ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: "முடிந்தால் இல்லை என்று சொல், முடிந்தால் ஓடு. முடியாவிட்டால் பரவாயில்லை. எப்போது சொன்னாலும் தாமதமில்லை, ஒரு வருஷம் கழித்துச் சொன்னாலும் சரி." குழந்தையோடு உட்கார்ந்து ஐந்து பெரியவர்களின் பெயரை எழுதுங்கள். ஒருவர் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், ஒருவர் பள்ளிக்கும் ஜெப ஆலயத்துக்கும் வெளியே இருக்க வேண்டும். முதலாமவர் நம்பாவிட்டால் இரண்டாமவர், அப்புறம் மூன்றாமவர். இதையெல்லாம் ஒரே நாளில் ஒரு மணி நேர உரையாக நடத்தாதீர்கள். நாட்காட்டியோடு கட்டிவிடுங்கள்: பள்ளி தொடங்கும்போது, பெசாக் பயணத்துக்கு முன், முகாமுக்கு முன், பார் மிட்ஸ்வா பயிற்சி தொடங்கும்போது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், "இப்படி நடந்தா என்ன செய்வே?" என்ற விளையாட்டாக.

11, 12 வயதுப் பையன்களுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும். பலரும் தவிர்ப்பது இதைத்தான். உடலின் இச்சையைப் பெரும் பாவமாகக் கேட்டு வளர்ந்தவன் அவன். அத்துமீறலின்போது உடம்பு தானாகக் காட்டிய எதிர்வினையைத் தன் பாவமாக எடுத்துக்கொள்வான்; அத்துமீறியவனும் "நீயும் சேர்ந்துதானே செய்தாய்" என்பான். பதில் உபாகமம் 22:26இல் இருக்கிறது: பலவந்தப்படுத்தப்பட்ட பெண்ணுக்கு ஒன்றும் செய்யாதே, அவள்மேல் குற்றமில்லை. வற்புறுத்தப்பட்டவரைத் தோரா விடுவிக்கிறது என்ற பொதுவிதியைத் தல்மூத் எனும் பழைய சட்ட நூல் இதிலிருந்துதான் எடுக்கிறது. 13 வயதுக்குக் கீழே அவன் கட்டளைகளுக்குப் பொறுப்பேற்கும் ஆளே அல்ல. தந்தையோ நம்பிக்கையான ரபியோ இதை எதுவும் நடக்குமுன்பே சொல்லிவைத்தால் அந்த மிரட்டல் பலிக்காது.

குழந்தை வந்து சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் முகம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அலறாதீர்கள். மூன்று வாக்கியம் போதும்: "நீ சொன்னதை நம்புகிறேன். உன்மேல் தப்பில்லை. இனி இதைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த நாளே உடைக்க வேண்டிவரும். குடைந்து குடைந்து கேட்காதீர்கள். "அங்கே தொட்டாரா, இங்கே தொட்டாரா" என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் பிறகு வழக்கைக் கெடுக்கும். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். இஸ்ரேலில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை விசாரிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற சிறார் விசாரணையாளர்கள் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கிறார்கள். கேள்விகளை அவர்களுக்கு விடுங்கள். சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் போய் நியாயம் கேட்பதும், சமரசத்துக்கு அழைப்பதும் அவரை உஷார்ப்படுத்தும்.

பிறகு மெசிரா. "முதலில் ரபியிடம் கேள்" என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. அமெரிக்காவின் ஆசார யூதர் அமைப்பான அகுதாத் இஸ்ரேல், சந்தேகம் புகாருக்குப் போதுமானதா என்று ரபியிடம் கேட்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2011இல் வெளிப்படையாகவே எடுத்தது. அதே 2011இல் புரூக்ளின் கிரவுன் ஹைட்ஸ் ரபிகள் நீதிமன்றம், குழந்தை வதையில் மெசிராத் தடை பொருந்தாது, சான்று உள்ளவர் வாய்மூடி இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்கும் முன்பே எருசலேமின் ரபி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ், நியாயமான ஆதாரம் இருந்தால் அதிகாரிகளிடம் புகார் செய்யலாம் என்று எழுதியிருந்தார். மதிப்பிடும் பயிற்சி ரபிக்கு இல்லை. அவருக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் பழக்கம் இருக்கலாம். அவர் யோசிக்கும் இரண்டு வாரத்தில் தடயமும் போகும், குழந்தைமேல் அழுத்தமும் ஏறும். நேரே காவல்துறைக்கோ குழந்தைநல அலுவலருக்கோ போங்கள். ரபி மனத்துணைக்கு இருக்கட்டும். இஸ்ரேலில் 1989 முதல், பொறுப்பாளராக இருப்பவர் குழந்தையிடம் அத்துமீறியதாக நியாயமான சந்தேகம் வந்தால் அதைத் தெரிவிக்காதிருப்பது யாருக்குமே குற்றம். ஆசிரியர், மருத்துவர் போன்றோருக்குத் தண்டனை கூடுதல். நியூயார்க்கில் ஆசிரியர் தானே நேரடியாகப் புகார் தர வேண்டும், தலைமையாசிரியரிடம் சொன்னதோடு கடமை தீராது.

மெல்பேர்னிலும் சிட்னியின் பாண்டையிலும் உள்ள யெஷிவா எனும் மதக் கல்வி நிலையங்களைப் பற்றி ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2015இல் விசாரித்தபோது, வெளியில் சொன்ன குடும்பங்கள் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட கதையும் சேர்ந்தே பதிவானது. "மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோமே" என்று பெற்றோர் தயங்குவது இதனால்தான். அந்தப் பயத்தைக் குழந்தையின் காதில் போடாதீர்கள். அதன் காதில் விழுந்தால் இரண்டு நாளில் "நான் சும்மா சொன்னேன்" என்று வந்து நிற்கும். சொன்னதைத் திரும்பப் பெறுவதால் சொன்னது பொய்யாகிவிடாது. வீடு கலங்குவதைப் பார்த்துக் குழந்தை தன்னையே பலிகொடுக்கிறது. அப்போதும் பதில் அதேதான்: "நீ முதலில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மறுபடியும் சொல்லலாம்." அடுத்த ஷப்பாத் காலை அந்த ஆள் அதே ஜெப ஆலயத்தில் அதே இருக்கையில் உட்காராதபடி நிர்வாகத்திடம் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், அன்று தந்தை குழந்தையோடு வேறு இடத்தில் தொழட்டும். ஏன் வேறு இடம் என்று குழந்தை கேட்டால், "அவர் செய்ததற்காக, நீ செய்ததற்காக அல்ல" என்று போகும் வழியிலேயே சொல்லிவிட வேண்டும்.